காணாமல் போன நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்

எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு இதுவரை "காணவில்லை" என்று வந்த கேஸ்கள் மொத்தம் நான்கு. இரண்டு சைக்கிள், ஒரு பசுமாடு, ஒரு கணவர். நான்கையும் கண்டுபிடித்துவிட்டோம். கணவரை மட்டும் அந்த அம்மாள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்து, "நூத்திப் பன்னெண்டு பதிவைக் காணோங்க" என்று மூச்சு வாங்கியபோது நான் பதறவில்லை.

"பத்திரப் பதிவு ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளிங்க," என்றேன்.

"பெருமாளு, வாயை மூடு. நீ உக்காரும்மா," என்றார் மேடம்.

மேடம் என்றால் கல்யாணசுந்தரி. காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவின் மாடியை வாடகைக்குப் பிடித்து இந்த நிலையத்தைத் திறந்தவர். ஊரில் எவன் பொய் சொன்னாலும் குரலை வைத்தே சொல்லிவிடுவார். நான் இளையபெருமாள், வயது முப்பத்து நான்கு, அசிஸ்டெண்ட். மேடத்தை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு போவது, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பது, அதற்குத் திட்டு வாங்குவது, இதெல்லாம் என் உத்தியோகம்.

வந்த பெண் சிவப்ரியா. சொந்த ஊர் சுரக்குடி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை நெரவிக்காரர், பெயர் கதிரவன்.

"நாளன்னிக்குப் பந்தக்கால் நடணும்ங்க. அப்பா நட விடமாட்டேங்கறாரு. கல்யாணமே வேண்டாங்கறாரு."

"என்னம்மா, வரதட்சணைத் தகராறா?"

"இல்லீங்க. இன்டர்நெட் தகராறு."

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"காரை மன்றம்னு ஒரு இணையதளம் இருக்குங்க," என்றாள். "நம்ம ஊர்க்காரங்க துபாய், பாரீஸ், சிங்கப்பூர்னு எங்க இருந்தாலும் அதுல வந்து எழுதுவாங்க. பேசுவாங்க, சண்டை போடுவாங்க."

"ஏன், ஊர்ல டீக்கடை பத்தலையாக்கும்?"

"பெருமாளு!"

"ஒருத்தர் ஏதாவது கேட்டுத் தொடங்குவாரு. அதுக்குக் கீழ வரிசையா மத்தவங்க எழுதுவாங்க. அது மொத்தத்துக்கும் பேரு திரி. கண்டபடி எழுதினா எடுத்துப் போடறதுக்கு ரெண்டு பேர் இருக்காங்க, மட்டுறுத்துனர்னு சொல்லுவாங்க. ஒருத்தர் கமாலுதீன் பாய், பாரீஸ்ல இருக்காரு, மன்றத்தையே நடத்தறவரு. இன்னொருத்தர்…" கன்னம் சிவந்தது. "அவரு."

"அவரு"க்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்பா திருஞானசம்பந்தம், விவசாயத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். மன்றத்தில் "சுரக்குடியார்" என்ற பெயரில் எழுதுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரைக்கால்மேட்டு மீனவர் ஒருவர், "அலைமகன்" என்று பெயர் வைத்துக்கொண்டு, "சுரக்குடியார் ஐயாவிடம் கேளுங்கள்" என்று ஒரு திரியைத் தொடங்கினாராம். குறுவைக்கு எப்போது நாற்று விடுவது, பூச்சி விழுந்தால் என்ன தெளிப்பது என்று அவர் கேட்கக் கேட்க, அப்பா அதற்கு நூற்றுப் பன்னிரண்டு பதில்கள் எழுதியிருக்கிறார்.

"போன சனிக்கிழமை சாயங்காலம் பாத்தா திரியே இல்லீங்க. அத்தனையும் போச்சு. அழிக்கற அதிகாரம் இந்த ஊர்ல அவரு ஒருத்தருக்குத்தான் இருக்கு. 'மாமனார் எழுதினதையே அழிக்கறவன் மகளை எப்படி வச்சுக் காப்பாத்துவான்'னு அப்பா குதிக்கறாரு."

"நல்ல கேள்விதான்," என்றேன். மேடம் கண்ணாலேயே என்னை அடக்கினார்.

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"'நான் அழிக்கல'ன்னு ஒரே வார்த்தை. பின்ன யாருதான் அழிச்சாங்கன்னா வாயத் திறக்க மாட்டேங்கறாரு. என்கிட்டகூட சொல்லலீங்க." கண் கலங்கிவிட்டது. "அவரை விட்டுட்டு இன்னொருத்தருக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன். அப்பா நிக்காத மேடையில உக்காரவும் என்னால முடியாது. நான் என்னங்க பண்ணட்டும்?"

நான் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தாள். "இதுமட்டும்தான் மிச்சம். தனக்குப் பிடிச்ச பதினாலு பக்கத்தை அப்பா பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாரு. பாவம், அவருக்கு டைப் அடிக்க ஒத்தை விரல்தான். 'வணக்கம்'னு அடிக்கறதுக்குள்ள காப்பி ஆறிப்போயிடும்."

மேடம் பதினாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு தலை நிமிர்ந்து, "நாளன்னிக்கு மஞ்சள் குங்குமம் எடுத்து வச்சிரு. பந்தக்கால் நட்டுடலாம்," என்றார்.

எனக்குப் பகீர் என்றது. கேஸைத் திறப்பதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடுவது இந்த அம்மாளின் தீராத வியாதி.

* * *

பாரதியார் வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கதிரவன் வாத்தியாராக இருந்தான். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றவன், விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான்.

"அழிக்கறதுன்னா எப்படி தம்பி? ஒரு பட்டனை அமுக்கினா போயிடுமா?" என்று மேடம் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"அவ்வளவு சுலபம் இல்லீங்க. படிக்கறவங்களுக்கு ஒரு பதிவு தப்புன்னு பட்டா, பக்கத்துலயே 'புகார்'னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்குவாங்க. அது எங்களுக்கு வரும். லேசான தப்புன்னா அந்த வரியை மட்டும் எடுப்போம். பெருசுன்னா பதிவையே தூக்கி, எங்க கண்ணுக்கு மட்டும் தெரியற ஒரு அறையில போட்டு வைப்போம். எழுதினவருக்குக் காரணம் சொல்லிக் கடிதம் போகும். ரொம்ப மோசமா இருந்தாத்தான் அடியோட அழிக்கறது. எதைப் பண்ணாலும் யாரு, எப்ப, ஏன்னு ஒரு பதிவேட்டுல தானா ஏறிடும். அதை நாங்களே நெனச்சாலும் திருத்த முடியாது."

"என் வீட்ல என்னைத் தூக்கி வெளியில போடறப்போ இவ்வளவு முறையெல்லாம் பாக்கறதில்லீங்க," என்றேன்.

கதிரவன் முதல்முறையாகச் சிரித்தான். "முறை இல்லாட்டி மன்றம் நிக்காதுங்க. ஒரு நாளைக்கு இருபது புகார் வருது. பாதிக்கு மேல 'இவன் எங்க சித்தப்பாவை அவன் இவன்னுட்டான்'ங்கற கேஸு."

"அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

காட்டினான். சுரக்குடியார் என்ற பெயரைப் போட்டுக் கடைசிப் பத்து நாளைத் தேடினான். அந்தப் பெயரில் நீக்கிய பதிவு: பூஜ்யம். மறைத்தது: பூஜ்யம். திருத்தியது: பூஜ்யம்.

நான் தலையைச் சொறிந்தேன். யாருமே அழிக்கவில்லை, ஆனாலும் நூற்றுப் பன்னிரண்டும் இல்லை. உள்பக்கம் தாழ் போட்ட அறைக்குள் பிணம் கிடக்கிற கதையாக அல்லவா இருக்கிறது!

"பேரைப் போட்டுத் தேடாம, போன சனிக்கிழமைப் பக்கத்தை அப்படியே முழுசாக் காட்டுங்க தம்பி," என்றார் மேடம்.

கதிரவன் கை சட்டென்று மானிட்டருக்குப் பின்னால் போனது. திரை இருண்டது.

"கரண்ட் போயிடுச்சுங்க," என்றான்.

மூன்று பேர் தலைக்கு மேலும் மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மேடம் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவனே தாழ்ந்த குரலில் சொன்னான். "விட்டுடுங்க மேடம். ஒவ்வொரு பதிவும் எந்த இடத்துலேருந்து, எந்த இணைப்புலேருந்து வந்ததுன்னு ஒரு நம்பர் எங்க கண்ணுக்கு மட்டும் தெரியும். யார் யார் என்னென்ன பேர்ல எழுதறாங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். அதை வெளியில சொன்னா, அப்புறம் எவன் நம்பி எழுதுவான்? பாத்ததைப் பாத்த இடத்துலயே விட்டுடணும். கல்யாணம் நின்னா… என் தலையெழுத்துன்னு போறேன்."

தெருவுக்கு வந்ததும் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். "இவனேதான் மேடம். அழிச்சுட்டுப் பதிவேட்டையும் ஏதோ பண்ணியிருக்கான்."

"ஃபேன் சுத்தறப்ப கரண்ட் போச்சுங்கறான். இவனுக்குப் பொய்யே வராதுடா. தன் கழுத்துக்குப் பயந்தவன் குரல் மேல ஏறும். இவன் குரல் இறங்கிச்சு. இவன் வேற யாரையோ மறைக்கறான்."

"யாரை?"

"அதுக்குத்தானே பெட்ரோல் போட்டு வச்சிருக்கோம். காரைக்கால்மேட்டுக்கு விடு."

* * *

காரைக்கால்மேட்டில் அருள்ராஜ் என்றால் கடற்கரைக்கே தெரிந்தது. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் மூன்று வருஷம் இருந்து, கம்ப்யூட்டரும் கோபமும் கற்றுக்கொண்டு திரும்பியவன். மன்றத்தில் சுரக்குடியாருக்குப் பரம எதிரி என்றும் அங்கேயே சொன்னார்கள். மீன் ஏலம் முடிந்து மணல் காய்ந்துகொண்டிருந்த நேரம், படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா பவுனம்மாள், விற்காத சங்கரா மீன்களுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் திரியை அழிக்கச் சொல்லிப் புகார் பண்ணது நீதானேய்யா?" என்று நேரடியாகப் பாய்ந்தேன்.

"நான்தான். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினேழு புகார். மறைக்க என்ன இருக்கு?"

"பாத்தீங்களா மேடம்!"

"அட இருங்கண்ணே. பதினேழுல ஒண்ணைக்கூட அந்தக் கதிரவன் ஏத்துக்கல. 'கருத்து பிடிக்கலைங்கறதெல்லாம் புகார் ஆகாது'ன்னு எனக்கே கடிதம் போட்டுட்டான். அதுக்காக அவனைக் கொறை சொல்ல மாட்டேன். அந்தப் பெருசு என்னை 'அரைவேக்காடு'ன்னு எழுதினப்போ, மாமனாராப் போறவர்னுகூடப் பாக்காம அந்த வரியை எடுத்தவனும் அவன்தான்."

என் இரண்டாவது தீர்ப்பும் மணலில் விழுந்தது.

"எனக்கு மட்டும் அழிக்கற அதிகாரம் இருந்துச்சுன்னு வைங்க," என்று அருள்ராஜ் ஊசியை ஓங்கினான், "மொதல்ல அந்த அலைமகனைத்தான் அழிச்சிருப்பேன். எங்க ஊரு மீனவன்னு சொல்லிக்கிட்டு, 'ஐயா, தங்கள் பாதம் பணிகிறேன்'னு எழுதறான். எங்க ஊர்ல எவன் எவன் பாதத்தைப் பணியறான்? ரெண்டு வருஷமா வீடு வீடாத் தேடறேன். ஆளு மட்டும் ஆப்புடட்டும், நானூறு பேரு பாக்க மன்றத்துல வச்சு மானத்தை வாங்கிடறேன்."

மேடத்தின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. உறையிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"'இன்று கடலுக்குச் சென்று நல்ல மீன்பாடு. கரை திரும்பியதும் ஐயாவின் நினைவே வந்தது. சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து விதைக்கலாமா?' அலைமகன் எழுதினதுதான். தேதி, இந்த வருஷம் மார்ச் மூணு."

"மார்ச்சு மூணா?" பவுனம்மாள் ஐஸை அப்படியே விட்டுவிட்டு விரலை மடக்கினார். "ராவுல கிரகணம் புடிச்சுதே, அந்தப் பௌர்ணமியா? அது மாசிமகமாச்சேம்மா! பட்டினத்துக் கடக்கரைக்குப் பெருமாளே எங்க மீனவக் குலத்து மருமவப்புள்ளையா எறங்கி வர்ற நாளு. அன்னிக்கு எந்த வூட்டு ஆம்பளயாச்சும் படகு தள்ளுவானா? தள்ளினா, பொண்டாட்டியே வூட்டுக்குள்ள சேக்க மாட்டா."

"அப்ப அவன் மீனவனே இல்ல!" என்று அருள்ராஜ் துள்ளி எழுந்தான். "எவன் அவன்? சொல்லுங்க, எவன்?"

"தெரிஞ்சா நாங்க ஏம்ப்பா இந்த வெயில்ல காயறோம்?" என்று மேடம் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பவுனம்மாள் எங்களைச் சும்மா அனுப்பவில்லை. இரண்டு சங்கரா மீன்களை இலையில் கட்டி என் கையில் திணித்தார். அன்று முழுக்க நான் போன இடமெல்லாம் பூனைகள் மரியாதை செய்தன.

* * *

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாரீஸுக்கு மேடம் எண்ணைச் சுழற்றினார். நான் கண்ணாடிக் கதவுக்குள் காதை மட்டும் நீட்டிக்கொண்டேன்.

கமாலுதீன் பாய்க்குக் கடையில் வியாபார நேரம். கல்யாணம் நிற்கப்போகிறது என்றதும் மனிதர் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டார்.

"அல்லாவே! பொண்ணு வூட்டுல இவ்வளவு தூரம் போயிடுச்சாம்மா? கதிரவன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, 'பாய், சனிக்கிழமை விஷயத்தை யார் கேட்டாலும் சொல்லாதீங்க'ன்னு மட்டும் சொன்னான்."

"சனிக்கிழமை என்ன நடந்துச்சு?"

"அலைமகன்னு ஒரு உறுப்பினரு. தன் பேரையே மன்றத்துலேருந்து எடுத்துடச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தாரு. படிக்கறேன், கேளுங்க. 'இன்று நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டேன். இனி இந்தப் பெயர் எனக்கு வேண்டாம். இந்தப் பெயரில் எழுதியது ஒரு எழுத்துகூட மிச்சம் இருக்கக் கூடாது.' சரி, மனுஷன் ஏதோ நேத்திக்கடன் போலன்னு நெனச்சேன்."

"நீக்கிட்டீங்க."

"ஆளை நீக்கற எடத்துல ரெண்டு வழி இருக்கும்மா. ஆளை மட்டும் நீக்கிட்டு எழுத்தை விட்டு வைக்கறது ஒண்ணு. ஆளோட எழுத்தையும் சேத்து நீக்கறது இன்னொண்ணு. அவரு கேட்டபடி ரெண்டாவதை அமுக்கிட்டேன். கடையில கூட்டம், யோசிக்கல. அந்தத் திரிக்கு மொதல் பதிவே அவரோடது. திரியோட மொதல் பதிவு போனா, கீழ யார் யார் எழுதியிருந்தாலும் அம்புட்டும் கூடவே போயிடும். பதிவேட்டுல அலைமகன் பேரு மட்டும்தான் ஏறும்."

நூற்றுப் பன்னிரண்டு பிணத்துக்கும் கொலைகாரன் இல்லை. தூணை உருவினார்கள், கூரை விழுந்தது, அவ்வளவுதான்.

"திரும்ப எடுக்க வழியே இல்லையா பாய்?"

"மூணு மாசத்துக்கு முந்தின நகல் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதுலேருந்து முக்காவாசி மீட்டுடலாம், இன்ஷா அல்லா. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, நான் லீவு சொல்லி டிக்கெட்டே போட்டுட்டேன்."

வெளியே வந்ததும் நான் புலம்பினேன். "கேஸ் முடிஞ்சிடுச்சு மேடம், ஆனா முடியல. அலைமகன் யாருன்னு தெரியணுமே. திருநள்ளாறுல சனிக்கிழமை முழுக்குப் போட்டவன்னு தேடினா, முப்பதாயிரம் ஈர வேட்டியில எதைப் புடிக்கறது?"

மேடம் வண்டியில் ஏறிக்கொண்டார். "பெருமாளு, ஒத்தை விரலால ரெண்டு முழுப் பக்கம் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பொழுது சாஞ்சுடும்."

"இந்தத் தாளைப் பாரு. உளுந்துக் கேள்வி வந்தது பத்து மணி பத்து நிமிஷம். ரெண்டு பக்கப் பதில் வந்தது பத்து பதினெட்டு. சுரக்குடிக்கு விடு."

வண்டி திருநள்ளாறு சாலையில் பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. உறைத்த வேகத்தில் ஒரு வாத்துக் கூட்டத்துக்குள் விட்டுவிட்டேன்.

* * *

"வாங்க! அந்தப் பயலோட வண்டவாளம் கிடைச்சுதா?" என்று திருஞானசம்பந்தம் கூடத்திலிருந்தே கர்ஜித்தார். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி. அவர் மனைவி பங்கஜவல்லி எங்களை உட்காரச் சொன்னார். சிவப்ரியா கதவோரம் நின்றாள். மூலையில் பந்தல் சாமான்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

மேடம் அவரைப் பார்க்காமல் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தார். "ஐயாவுக்கு ஏழரைச் சனியாமே?"

"ஆமாங்க. அதுக்குத்தான் போன சனிக்கிழமை நளதீர்த்தத்துக்கு அழைச்சிட்டுப் போனேன். நல்லெண்ணெய் தேச்சு, முழுக்குப் போட்டு, கட்டியிருந்த வேட்டி துண்டை அங்கயே விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்தாரு. அதோட நேரா பிரௌசிங் சென்டருக்குப் போயிட்டாரு. வீட்டுக்கு வந்து சாமி கும்பிடக்கூட இல்ல."

கூடத்தில் கர்ஜனை நின்றுவிட்டது.

"அம்மா, வெயிலுக்கு மோர் கிடைக்குமா?" என்றார் மேடம். பங்கஜவல்லி அடுக்களைக்குப் போனார். "ப்ரியா, நீயும் போய் ஒத்தாசை பண்ணு." அவளும் போனாள்.

மேடம் குரலைத் தணித்துக்கொண்டார். "ஐயா, அலைமகன்கற ஆளை அன்னிக்கு மன்றத்துலேருந்து எடுத்துட்டாங்க. அவரே கேட்டுக்கிட்டாரு. அந்தத் திரிக்கு அவர்தான் தொடக்கம். அவரோட மொதல் பதிவு போனதும், அதுக்குக் கீழ இருந்த உங்க நூத்திப் பன்னெண்டும் சேந்து போயிடுச்சு."

"அதெப்படிப் போகும்?" என்று அவர் எகிறினார். "நான் அலைமகனை மட்டும்தானே எடுக்கச் சொன்னேன்! சுரக்குடியார் ஏன்…"

அத்தோடு நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது.

நான் மீன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

"ஒத்தை விரல்காரரு எட்டு நிமிஷத்துல ரெண்டு பக்கம் அடிக்க முடியாதுங்க," என்றார் மேடம். "பதிலை அடிச்சுத் தயாரா வச்சுக்கிட்டுத்தான் கேள்வியைப் போட்டிருக்கணும். வரப்போற கேள்வி முன்கூட்டியே தெரிஞ்ச ஆளு, கேட்டவரு ஒருத்தர்தானே."

பெரியவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டின் நுனியைத் திருகினார்.

"மூணு மாசம்மா," என்றார். "மன்றத்துல சேந்து மூணு மாசம் ஒரு பயலும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. சர்வீஸ்ல இருக்கறப்போ காலையில வாசல்ல நாப்பது பேர் நிப்பான், சார் சார்னு. ரிட்டயர் ஆன மறுநாள்லேருந்து போஸ்ட்மேன்கூட என்னை ஒண்ணும் கேக்கலம்மா. அதான் நானே கேட்டுக்கிட்டேன். அப்புறம் நெஜமாவே நாலு பேர் கேக்க ஆரம்பிச்சாங்க, ஆனா இந்தப் பொய்யை நிறுத்த வழி தெரியல. மக கல்யாணம் வருது. வேட்டியை மட்டும் விட்டா தோஷம் போயிடுமா? ரெண்டு வருஷமாப் போத்திக்கிட்டிருந்த பொய்ப் பேரையும் விட்டுட்டு வந்துடலாம்னு பாத்தேன்."

சிரிப்பு எனக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

"சரி, போகட்டும்," என்று திடீரென்று நிமிர்ந்தார். "இதை அந்தக் கதிரவன் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? அலைமகன் போனான், திரி போச்சுன்னு ஒரு வார்த்தை!"

"சொன்னா அடுத்த நிமிஷம் யாரு அந்த அலைமகன், ஏன் போனான்னு நானூறு பேர் கிளம்புவாங்க. காரைக்கால்மேட்டுல ஒருத்தன் ரெண்டு வருஷமா வலை வீசிக்கிட்டு உக்காந்திருக்கான். உங்க மானம் போயிருக்கும்."

"என் மானமா? அவனுக்கு எப்படித் தெரியும், நான்தான்னு?"

"எந்தப் பேரு எந்த இடத்துலேருந்து எழுதுதுன்னு மட்டுறுத்துனருக்குத் தெரியும்யா. ரெண்டு பேரும் ஒரே பிரௌசிங் சென்டர், எட்டு நிமிஷ இடைவெளி. மொதல் நாள்லேருந்தே அவருக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்தப்பவும் தெரியும். நீங்க வீட்டை விட்டுப் போடான்னப்பவும் தெரியும். கட்டிக்கப் போறவகிட்டகூட மூச்சு விடல."

மோர் டம்ளர் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. கதவருகே சிவப்ரியா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

திருஞானசம்பந்தம் மகளை ஒரு முறை பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டினார். "கிளம்பு," என்றார்.

* * *

திருநள்ளாறு கடைத்தெருவில் அந்த பிரௌசிங் சென்டர். பெரியவர் மூலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கண்டுபிடித்து, குட்டினார். நாலு வரிக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று.

"மன்ற நண்பர்களுக்கு. அலைமகன் என்ற பெயரில் எழுதியவன் நானே. திரி அழிந்ததும் என்னால்தான். இதில் மட்டுறுத்துனர் கதிரவன்மேல் எந்தத் தவறும் இல்லை. இவண், சுரக்குடியார்."

"அப்பா, வேண்டாம்ப்பா," என்றாள் சிவப்ரியா. "எங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

"அந்தப் பையன் வாய மூடிக்கிட்டு நின்னான். நான் வாய் கிழியக் கத்தினேன். நாலு பேருக்கு முன்னாடி கத்தினதை நாலு பேருக்கு முன்னாடிதான் திருத்தணும்." விரலை ஓங்கி ஒரே குட்டு. பதிவு ஏறிவிட்டது.

அருள்ராஜ் இதைப் பார்க்கப் போகிற கண்கொள்ளாக் காட்சியை நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

"யாராவது ஏதாவது எழுதியிருக்கானான்னு பாப்போம்," என்று பெரியவர் பக்கத்தைப் புதுப்பித்தார்.

பதிவு இல்லை.

இன்னொரு முறை புதுப்பித்தார். இல்லவே இல்லை. அவருடைய தனிமடலில் மட்டும் ஒரு கடிதம் வந்து உட்கார்ந்திருந்தது.

"உங்கள் பதிவு நீக்கப்பட்டது. நீக்கியவர்: மட்டுறுத்துனர் கதிரவன். காரணம்: நம்ம வீட்டு விஷயத்தை மன்றத்தில் எழுத வேண்டாம் மாமா."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். மேடம் என் கையைக் கிள்ளினார், வாயைத் திறக்காதே என்று. 

"மாமனார் எழுதினதையே தூக்கிட்டாம்மா உன் புருஷன்," என்றார் மகளிடம். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அம்மாவுக்குப் போனைப் போட்டு, பந்தக்காலுக்கு மூங்கில் வெட்டச் சொல்லு."